வெட்ட விடாத லவால்காரர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் எங்கள் புறநகரான ரொக்ஸ்பரோவில் வீட்டு வாசல்களில் பனி அகற்றும் தொழிலில் என்னை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்ட என் பழைய தோட்ட டிராக்டரில் பனியை அள்ளி வீசும் புளோவர் உடைந்துபோனது. பனி விழுவதற்குள் வேறொன்று பூட்டாவிட்டால் வாடிக்கையாளரெல்லாம் கைமாறிவிடுவார்கள்.

பக்கத்து நகரமான லவாலில் பழைய டிராக்டர் பாகங்கள் விற்கும் தமிழர் ஒருவரிடம் போனேன். மெலிந்த மனிதர். எந்த இரும்பைத் தொடுவதற்கு முன்னும் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வார். அவரிடம் புளோவர் இருந்தது. ஆனால் அது வேறு மொடலுடையது. என் டிராக்டரில் பொருந்தவில்லை.

"விடுங்கோ, வெட்டி வெல்ட் பண்ணிப்போடுவன். நான் ஒட்டாத இரும்போ?" என்றேன்.

"அப்ப தரமாட்டன் அண்ணை."

"ஏன் காணும்?"

"வெட்டினால் உங்கட வண்டிக்கு மட்டுந்தான் பூட்டலாம். பேந்து உங்களிட்ட அதை வாங்கிறவன் என்ன செய்யிறது?"

"அவனுக்கு நீர் மாமனோ?"

சிரித்தார். அவருடைய சொந்த டிராக்டரும் என்னுடைய மொடல்தான். அதில் இந்தப் புளோவரை வெட்டாமலே பூட்டும் இரும்புச் சட்டம் இருந்தது. அதைக் கழற்றிப் புளோவரோடு என்னிடம் தந்தார்.

என் தொழில் தப்பியது. தை மாதம் அந்தப் பக்கம் போனபோது, அவர் தன் வாசல் பனியைச் சவளால் அள்ளிக்கொண்டிருந்தார். சட்டம் கழற்றிய டிராக்டர் பக்கத்தில் சும்மா நின்றது. என்னைக் கண்டதும் மூச்சு வாங்க வந்தார்.

"வெட்டேல்லைத்தானே அண்ணை?"

"இல்லை" என்றேன்.

"அது போதும்" என்று திரும்பிப் போனார். ஆளைப் பார்த்தவுடனே எடைபோடுகிற எனக்கு, அவர் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.