விட மறுத்த விரல்

மைதானத்தில் எல்லோரும் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி போடத் தெரியாது, மருந்து எழுத முடியாது. ஆட்டக்காரர்களின் பயத்தையும் பதற்றத்தையும் கேட்டு, அதைச் சமாளிக்கப் பயிற்சி கொடுக்கும் விளையாட்டு உளவியலாளர். நீச்சல் குளத்தை ஒட்டிய, குளோரின் நெடியடிக்கும் சின்ன அறை அவளுடையது. அங்கே அவள் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததே இல்லை. கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவுவாள்.

"ஊருக்கெல்லாம் மூச்சு விடச் சொல்லித் தர்றே. நீ ஒழுங்கா மூச்சு விட்டு நான் பார்த்ததில்ல," என்பார் வீட்டுக்காரர்.

தேர்வுப் போட்டி நெருங்கிய சமயம், வில்வித்தைப் பயிற்சியாளர் தன் சிறந்த வீராங்கனையை அழைத்து வந்தார். நாணை இழுத்துக் குறி பார்ப்பாள். விடவேண்டிய நேரத்தில் விரல் ஒட்டிக்கொள்ளும்.

"விரலை மட்டும் சரி பண்ணிக் குடுங்க," என்றார், மிக்சியை ரிப்பேருக்குக் கொடுப்பவர் போல.

டாக்டரம்மா வீராங்கனையோடு தனியாகப் பயிற்சித் திடலுக்குப் போய், இலக்குத் தாளைக் கழற்றினாள். வெறும் வைக்கோல் பலகையில் அம்பு சுலபமாகப் போய்க் குத்தியது. தாளை மாட்டியதும் விரல் மக்கர் பண்ணியது.

அம்பை உருவிக்கொண்டே வீராங்கனை சொன்னாள்: "எனக்கு வில்லு வேணும்க்கா. போட்டிதான் வேணாம். சார்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் சொல்லமாட்டேன். ஆனா என்னைக்காவது நீ சொல்லித்தான் ஆகணும்."

நடைபாதையில் பயிற்சியாளர் மடக்கினார். "என்ன சொன்னா?"

"அவகிட்டயே கேளுங்க சார்."

"உங்களுக்குச் சம்பளம் குடுக்கறது சங்கம்தாம்மா."

"அதுக்காக அவ வாயை நான் வாடகைக்கு விட முடியுமா?"

சொல்லிவிட்டு அறைக்குப் போனவள், கழுவிய கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவினாள். அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணை இந்த அவஸ்தையிலிருந்து காப்பாற்றியிருக்கலாமோ?

போட்டியன்று கம்பி வேலிக்குப் பின்னால் நிலைகொள்ளாமல் நின்றாள். வீராங்கனை வில்லை உயர்த்தினாள், இழுத்தாள், விடாமல் இறக்கினாள். மறுபடியும் அதேதான். பிறகு வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டுப் பயிற்சியாளரிடம் நடந்து போனாள். என்ன பேசினாள் என்பது கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் தொங்கிப்போனது.

அதன்பின் அவர் டாக்டரம்மாவின் முகத்தில் விழிப்பதையே தவிர்த்தார். வீராங்கனையோ காலை வேளைகளில் வந்து, தாள் இல்லாத பலகையில் அம்பெய்துவிட்டுப் போனாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டரம்மாவுக்குச் சந்தோஷமும் உறுத்தலும் ஒன்றாக வந்தன. நல்லது செய்தோமா, ஒரு நல்ல அணியைக் கெடுத்தோமா?

மழைக்காலம் முடிந்த ஒரு மதியம், பயிற்சியாளர் அவள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"எங்கிட்ட யாரை அனுப்பப் போறீங்க சார்?"

"யாரையும் இல்ல." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "போட்டின்னாலே எனக்குக் கை நடுங்குதும்மா. ரொம்ப வருஷமா. இங்க சொன்னா வெளிய போகாதுன்னு தெரியும்."

டாக்டரம்மா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.