கோழியைப் பார்க்கப் போனவர்கள்

நன்றாக எழுத என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு என் வலைப்பூவுக்கு இப்போதெல்லாம் யாராவது எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி பதில் போடுகிறேன். உண்மையில் நான் சொல்கிற யோசனை எதுவும் என் சொந்தச் சரக்கு அல்ல. அத்தனையும் எங்கள் அத்தையின் கல்யாணப் பேச்சு நடந்த வாரத்தில், திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டு வாசலில் என் காதில் விழுந்தவை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கல்லூரியில் கிடைத்த இலவச லேப்டாப்பில் ஒரு வலைப்பூ ஆரம்பித்து, எதையாவது எழுதிக்கொண்டே இருப்பாள். எழுதி முடித்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுவாள். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் உலகத்திலேயே முதல் ஆளாகக் கேட்கிறேன் என்ற கர்வத்தில் தலையைத் தலையை ஆட்டுவேன். பதிவின் கீழே நாலைந்து பேர் ‘அருமை’, ‘தொடர்ந்து எழுதுங்கள்’ என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து நான் குதிப்பேன். அத்தை மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “படிச்சாங்களான்னே தெரியல சாமி” என்பாள். ஆள் ஆளுக்குப் பாராட்டும்போது இவளுக்கு என்னதான் குறை என்று எனக்குத் தோன்றும்.

நல்ல சித்திரை வெயிலில் நாமக்கல் பக்கமிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள், இரண்டு கார் நிறைய ஆட்கள். அப்பா தன் போர்வெல் ரிக் லாரியைக் கழுவி, புதுப்பெண் மாதிரி பொட்டு வைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். அத்தை எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே திரும்பியதுதான் தாமதம், மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் வந்தது. பண்ணையில் கரண்ட் போய்விட்டது. கொட்டகைக் கூரைக்குத் தண்ணீர் தெளிக்கிற மோட்டார் நின்றுவிட்டது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. அந்த வெயிலில் கொட்டகை சூடேறினால் கோழிகள் கொத்துக் கொத்தாக விழுந்துவிடும். அவர் எழுந்தார். அவர் எழுந்ததும் மொத்தச் சபையும் எழுந்தது. ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். பெண் பிடித்திருக்கிறதா இல்லையா என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். ‘என்னைப் பார்க்க வந்தவர்கள் கோழியைப் பார்க்கப் போனார்கள்’ என்று தலைப்புப் போட்டு, பொழுது சாய்வதற்குள் எழுதி ஏற்றியும்விட்டாள். கெட்டிக்காரி, பெயர்களையெல்லாம் மாற்றியிருந்தாள். நாமக்கல்லை எடுத்துவிட்டு மேட்டூர் என்று போட்டிருந்தாள். பெண் பார்க்கிற சபையைக் கோழிக்காகப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் நாமக்கல்லை விட்டால் வேறு எங்கே இருக்கப்போகிறார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாளே பற்றிக்கொண்டது. சொந்தக்காரர்கள் லிங்கை ஒருவருக்கொருவர் அனுப்ப, முட்டை லாரி ஓட்டுகிறவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ‘அருமை’ மேல் ‘அருமை’யாக வந்து விழுந்தது. நான் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினேன். அப்போதுதான் தரகர் அப்பாவுக்குப் போன் செய்து, மாப்பிள்ளை வீட்டிலும் படித்துவிட்டார்கள் என்று சொன்னார். அதுவரை தங்கையைக் கடிந்து ஒரு சொல் பேசாத அப்பா அன்றைக்குப் பேசினார்.

“இந்தச் சம்பந்தம் உட்டுப்போச்சுதுன்னா, இன்னிமே நீ ஒரு எழுத்து எழுதப்படாது.”

அத்தை சரி என்று தலையாட்டினாள். லேப்டாப்பைப் பையில் போட்டு, பையைப் பீரோவுக்கு மேலே வைத்தாள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும், அந்தப் பை மட்டும் கீழே வந்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அந்த வாரமே மாப்பிள்ளை வந்தார். தனியாக, பைக்கில். அப்பா நாற்காலி போட்டார். மாப்பிள்ளை உட்காராமல், அத்தையை ஒரு நிமிஷம் கூப்பிட முடியுமா என்று கேட்டார். அத்தை வாசற்படிக்கு வந்து நின்றதும் செல்போனை எடுத்துப் பதிவைத் திறந்தார்.

“ஏனுங்க, மொத மூணு பத்தி எதுக்குங்க? போன் அடிக்கறதுல ஆரம்பிச்சிருந்தா அங்கியே புடிச்சிருக்குமுங்க.”

மாப்பிள்ளை நிறுத்தவில்லை. ‘அனல் பறந்தது’ என்பது எல்லோரும் எழுதுவது என்றார். வெயில் ஏறினால் கோழி வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டிக்கொண்டு நிற்கும், அதை எழுதினால் படிக்கிறவனுக்கே வேர்க்கும் என்றார். தன் அப்பாவைக் கிண்டல் செய்ததில் வருத்தமில்லை, படித்துவிட்டுத் தானே சிரித்ததாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கு ஒரு கொட்டகைக் கோழி முழுக்கப் போய்விட்டது, அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை, அதற்கும் ஒரு வரி இடம் விட்டிருக்கலாம் என்றார். அத்தையின் கண் நிறைந்துவிட்டது.

“இன்னொண்ணுங்க. காப்பிய யாருமே தொடலைன்னு எழுதியிருக்கறீங்க. நா குடிச்சுப்போட்டுத்தானுங்க போனேன்.”

அத்தை, முதல் பத்தி மட்டும் வேண்டும் என்றாள். அவர் வேண்டாம் என்றார். அவள் விடவில்லை. பெண் பார்க்கிற அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், இப்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். உள்ளே ஓடி, பீரோ மேலிருந்த பையை எக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்து, வரி வரியாகச் சண்டை போட்டார்கள். அப்பா நாற்காலியைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தாங்கவில்லை. சமையலறைக்கு ஓடி, எல்லாம் போச்சு, தலைப்பைத் தவிர எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கிறார், இனி இந்தக் கல்யாணம் நடக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பில் கேசரிக்கு ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

“ஆருக்கு? உன்ற மாமாவுக்குத்தான்.”

‘அருமை’ என்று மனசாரப் பாராட்டிய அத்தனை பேரையும் விட்டுவிட்டு, குறை சொல்ல வந்த ஒரே ஒரு ஆளுக்கு எதற்குக் கேசரி கிண்டுகிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.