தண்ணீர்த் தட்டு இருந்த பக்கம்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், முதல் ஷிஃப்ட் முடித்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார், முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பலாப்பழம் கொண்டு வந்திருந்தார். பக்கத்து வீட்டம்மா, திருநெல்வேலிக்காரி. நான். முயல்.

முயலைக் கொல்ல வேண்டும் என்று மூத்தார் சொன்னார். வேண்டாம் என்று நான் சொன்னேன். மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மகளுக்காக வாங்கிய முயல் அது. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பினோம், முயல் எங்களோடு தங்கிவிட்டது. கூண்டு கிடையாது. என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்டுக்குப் போனால் வீட்டில் நானும் அதுவும்தான். ஷிஃப்ட் சங்கு ஊதினால் பின்காலால் தரையைத் தட்டும். பழைய குவார்ட்டர்ஸில் எட்டு வருஷம் இருந்தது. கடைசியில் ஓட்டம் நின்று நடைதான். கிழமாகிவிட்டது என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

அந்த வீட்டுக் கூரை ஒழுகியது. எழுதிப் போட்டு, வேறு பிளாக்கில் வீடு கிடைத்தபோது ஆடி மாதம். நிலக்கரிக் கம்பெனி ரெண்டாவது மைன்ஸ் தோண்டிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்கு அடிபிடி. மூத்தார் வந்து சண்டை போட்டார்.

"ஆடியில எவன்டா குடி போவான்?"

"ஆர்டர் வந்துடுச்சிண்ணா. இப்பப் போவலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும். ஒழுவுற வூட்டுலயே கெடயேன், உப்பா கரைஞ்சிடுவ? சொல்றத சொல்லிட்டேன். அப்புறம் என்கிட்ட வந்து அழுவாத."

போனோம். மறுநாளே முயலின் குணம் மாறிவிட்டது. சுவரில் முட்டியது. மூலையில் உட்கார்ந்து உறுமியது. கையை நீட்டினால் கடிக்க வந்தது. அடுப்படியில் மூத்திரம் பெய்தது, அதுவரை செய்யாதது. கீரையை வாயருகே வைத்தால் தின்றது. தண்ணீர்த் தட்டைக் கொல்லைக் கதவோரம் வழக்கம்போல் வைத்தேன். அந்தப் பக்கமே வரவில்லை.

பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்தாள். "ஒரு மாதிரி முழிக்குக்கா. இந்த வீட்டுல எதையும் பாத்திருக்குமோ?"

"எதை?"

"நான் என்னத்தக் கண்டேன். செவத்தப் பாத்துக்கிட்டே நிக்கு, அதான் சொல்லுதேன்."

தெருவில் வெறிநாய் ஒன்று சுற்றுகிறது என்று அந்த வாரம் பேச்சு வேறு.

எனக்குப் புரிந்தது சுவிட்சால். அவருக்குச் சோறு கட்ட விடியும் முன்னே எழுந்து அடுப்படிக்குப் போவேன். கை வலது பக்கச் சுவரைத் தடவும். சுவிட்ச் இடது பக்கம். வீடு அதே மாதிரி வீடுதான், அதே அளவு. இரண்டு இரண்டாக ஒட்டிக் கட்டினவை. ஒன்றில் வலது பக்கம் இருப்பது மற்றதில் இடது பக்கம் இருக்கும். நாங்கள் இருந்தது ஒரு பக்கத்து வீடு, வந்தது மறுபக்கத்து வீடு. அன்று சுவரில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். முயலும் இதைத்தான் செய்கிறது. கதவு இருந்த பக்கம் போகிறது, அங்கே சுவர் இருக்கிறது. என்னைப் போல அதுவும் இருட்டில் நடக்கிறது. பகலிலும் இருட்டு.

அவர் வேலைக்குப் போன பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சிவப்புக் கண் இரண்டிலும் பால் படிந்திருந்தது. எத்தனை நாளாகவோ. பழைய வீட்டில் நினைவை வைத்தே நடமாடியிருக்கிறது.

தட்டை எடுத்து, அது முட்டிக்கொள்கிற சுவரடியில் வைத்தேன். வந்தது, குடித்தது. தட்டு காலியாகும் வரை தலையைத் தூக்கவில்லை.

அன்று மத்தியானம்தான் மூத்தார் வந்தார். பலாப்பழத்தை இறக்கும்போதே பக்கத்து வீட்டம்மா முயல் கதையைச் சொல்லிவிட்டாள். அவர் முகம் தெளிந்தது. தான் சொன்னது பலித்த சந்தோஷம். என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்.

"தண்ணி குடிக்கிதா?" என்றார் மூத்தார்.

"குடிக்குதுங்க மாமா. அதுக்குக் கண்ணு தெரியல. தட்டு வச்ச பக்கம் மாறிப்போயி..."

"நீ சும்மா இரும்மா."

தட்டில் தண்ணீர் மொண்டு வந்து அதன் மூக்கில் இடித்தார். அது துள்ளி விழுந்தது. தண்ணீர் கொட்டியது.

"பாத்தியாடா, தண்ணியக் கண்டு எப்புடி ஓடுதுன்னு. வெறிதான்டா."

"மூஞ்சில இடிச்சா மனுசனே துள்ளுவான் மாமா."

"எங்க ஊருல எத்தினி வெறிநாயி அடிச்சிருக்கேன். எனுக்குத் தெரியாதா?"

"இது நாய் இல்லைங்க."

பக்கத்து வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். அதுதான் அவருக்குச் சுட்டது.

"உன் பொண்டாட்டி எப்படா டாக்டருக்குப் படிச்சா?" என்றார் தம்பியிடம். தம்பி தரையைப் பார்த்தார்.

முயல் சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து தூக்கினேன். வந்த கை யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும். கட்டைவிரல் அடியில் கடித்தது. ரத்தம் வந்தது. நான் விடவில்லை.

மூத்தார் உலக்கையை எடுத்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அண்ணன் சொல்றாரு இல்ல," என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

காதைப் பிடித்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார் மூத்தார். ஒரே அடி. குழியும் அவரே வெட்டினார். நான் கத்தவில்லை. கத்தினால் எனக்கும் வெறி வந்துவிட்டது என்பார்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"முயலா?"

"வெறி புடிச்ச முயலுங்க," என்றார் மூத்தார். "தண்ணியக் கண்டு பயந்துது."

"முயலுக்கு வெறி வந்து நான் பாத்ததில்லை. எதுக்கும் அடைச்சு வச்சுப் பத்து நாள் பாருங்க. அது நல்லா இருந்தா ஊசியே வேண்டாம். வீட்ல எங்க வச்சிருக்கீங்க?"

நான்தான் சொன்னேன்.

"பொதைச்சிட்டாங்க சார்."

டாக்டர் அவர்களைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் சொன்னார். "அப்ப சந்தேகத்துல விட முடியாதும்மா. தெருவுல வெறிநாய் வேற இருக்குங்கறாங்க. முழுசாப் போட்டுக்கணும்."

கண் தெரியாததையும் வீடு மாறியதையும் சொன்னேன். கேட்டார். "நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும்மா," என்றார். "இப்ப யார் பாக்கறது?"

தினமும் என் வீட்டுக்காரர் சைக்கிளில் கூட்டிப் போனார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன். தொப்புளைச் சுற்றிப் போட்டார்கள். வயிறு கல்லாக வீங்கியது. குனிந்து வாசல் தெளிக்க முடியவில்லை.

மூத்தார் ஊருக்குப் போய், தம்பி பெண்டாட்டி உயிரைத் தான் காப்பாற்றியதாகச் சொன்னார். சாகும் வரை சொன்னார். அவருக்கு அதன் பிறகு நான் சோறு போட்டதில்லை. வந்தால் தம்பி போட்டார். நான் தண்ணீர்ச் செம்பை மட்டும் வைப்பேன், அவர் கை போகாத பக்கமாகப் பார்த்து.

போட்ட ஊசி பதினாலு.