சித்தி சொன்ன படம்

சனிக்கிழமை மத்தியானம் என் சித்தி மட்டும் வேலையிலிருந்து சீக்கிரம் எழுந்து கை கழுவுவாள். காசிமேட்டில் அவள் வேலை பார்த்த இறால் உரிக்கும் கொட்டகையில் பெண்களே வகுத்துக்கொண்ட வழக்கம் அது. புதுப்படம் வந்தால் ஒருத்தி போய்ப் பார்க்க வேண்டும். அவள் கூடையில் மிச்சமிருக்கும் இறாலை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கி உரித்துவிடுவார்கள். போனவள் மறுநாள் காலையிலிருந்து வேலை முடியும்வரை அந்தப் படத்தைச் சொல்ல வேண்டும். ஐஸில் விரல் மரத்துப்போகிற வேலைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. எப்போதும் போவது சித்திதான், ஏனென்றால் மற்றவர்கள் சொன்னால் முழுப்படமும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். "தூங்கிடாதமே, ஒரு சீனு வுடாம பாத்துகினு வா" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். துணைக்கு நான் போவேன். அதனால் எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும்: சித்தி சொல்வது நாங்கள் பார்த்த படமே அல்ல.

நாங்கள் பார்த்த கதாநாயகிகள் இரண்டு பாட்டுக்கு வருவார்கள், மழையில் நனைவார்கள், யாராவது கடத்திக்கொண்டு போவார்கள், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். சித்தியின் வாய்க்கு வந்ததும் அவர்களுக்கு எங்கிருந்தோ முதுகெலும்பு முளைத்துவிடும். கட்டிய கயிற்றை அவர்களே அறுத்துக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து கதாநாயகன் லாரிக்கு டீசல் போடப் போயிருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் நான் வாயைத் திறந்தால் தொடையில் ஒரு கிள்ளு விழும். "அவ அழுவறத சொல்றதுக்கா நான் போயி பாத்துட்டு வரேன்? அழுவறதுக்கு நம்ம வூட்ல ஆளு இல்லியா?" என்பாள் வீட்டுக்கு வரும் வழியில்.

ஒரு முறை மில் தொழிலாளியாகக் கதாநாயகி வந்த படம். திரையில் அவள் முதலாளியிடம் திட்டு வாங்கி அழுதாள், கதாநாயகன் வந்து மில் கண்ணாடியையெல்லாம் உடைத்தான். இறால் கொட்டகையில் சித்தி சொன்னது வேறு. "கூட வேல செய்றவ மயங்கி வியுந்துட்டா. நம்மாளு ஒரு வார்த்த பேசல. கைய மடில வெச்சிகினு உக்காந்துட்டா. அவள பாத்து பக்கத்துல கீறவ. அப்பால மில்லே உக்காந்துச்சு."

அந்தக் கொட்டகையில் கழிப்பறை இல்லை. வெளியே நிற்கும் லாரிகளுக்குப் பின்னால்தான் போக வேண்டும், ஒருத்தி புடவையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்து பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மில் படம் சொன்னதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஏண்டி குடிக்கவில்லை என்று கேட்டார்கள். "குடிச்சா எங்க போறது?" என்றாள்.

முதல் வரிசையில் ஒருத்தி இறாலைக் கீழே போட்டுக் கையை மடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகை முழுக்கக் கைகள் மடிக்குப் போய்விட்டன. சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. மேஸ்திரி கத்தினார், எல்லாரையும் நாளையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்றார். தான் இட்டுக்கட்டிய கதையால் இத்தனை வீட்டு அடுப்பும் அணையப் போகிறது என்று சித்திக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து நின்று, "எம்மே, படத்துல நெஜமா அப்டி..." என்று தொடங்கினாள். பக்கத்திலிருந்தவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருமே. படத்துல அவ பயந்தாளா? நீ ஏன் பயப்படற?" சித்தி உட்கார்ந்தாள். அவளும் கையை மடியில் வைத்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

ஐஸ் கரைந்து தரையெல்லாம் ஓடிய பிறகு முதலாளி வந்தார். முதலில் இறாலைப் பார்த்தார், அப்புறம்தான் பெண்களைப் பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். சுவரில் சாய்ந்திருந்த கர்ப்பிணிதான் பதில் சொன்னாள். "கக்கூஸு. உள்பக்கம் தாப்பா வெச்சி." கூலி கூட்டிக் கேட்பார்கள் என்று நினைத்து வந்தவர் தலையாட்டிவிட்டார். அவளுக்குக் குழந்தை பிறப்பதற்குள் கட்டியும் முடித்தார்கள்.

பொங்கலுக்கு அந்த மில் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். எங்கள் வீட்டில் கொட்டகைப் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சித்தி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கதாநாயகி அழுதாள், கண்ணாடி உடைந்தது, படம் முடிந்தது. பிறகு கைக்குழந்தையை மடியில் வைத்திருந்தவள் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வெளிய வாமே. நீ சரியாத்தான் சொன்ன. இவனுங்கதான் தப்பா எட்த்துட்டானுங்க." வீடே சிரித்தது. சித்தி வந்தாள், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி. நாங்கள் பார்த்த கதாநாயகிகளைப் போலவே இருந்தாள், பாவம்.

இப்போதெல்லாம் கதாநாயகிகள் நன்றாகவே சண்டை போடுகிறார்கள். எனக்குச் சந்தோஷம்தான், விசில்கூட அடிக்கிறேன். போன மாதம் சித்தியை அப்படி ஒரு படத்துக்கு அழைத்துப் போனேன். போலீஸ் அதிகாரியாக வந்தவள் தனியாளாக ஒரு கூட்டத்தையே அடித்துப் போட்டாள். சித்தியும் கை தட்டினாள். சித்தி இப்போது இருக்கும் திருவொற்றியூர் வீட்டுக்குத் திரும்பியதும் கீழ்வீட்டுப் பெண்கள் படம் எப்படி என்று கேட்டார்கள். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தி சொன்ன கதையில் அந்த அதிகாரி சண்டைக்குப் போகுமுன் தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். வீட்டுக்கு வீடு கதவு திறந்து, பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.