ஒரு லிதுவேனிய வினைச்சொல்லும் என் பர்மனன்ட் வேலையும்

துபாஷி வேலை என்பது, இரண்டு பேர் பேசிக்கொள்வதற்காக மூன்றாமவன் பேச்சு வாங்கும் வேலை. மேலதிகாரி சொன்னதைப் போய்ச் சொல்லிவிட்டு வசவு வாங்கிய குமாஸ்தாக்களுக்கு இது புரியும். அறுபதுகளில் நெய்வேலியில் அனல்மின் நிலையம் எழும்பியபோது, வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு நான் ரஷ்ய மொழித் துபாஷி. காண்ட்ராக்ட்தான். பர்மனன்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். மாமனார் வீட்டில் விட்டிருந்த மனைவியையும் குழந்தையையும் அழைத்து வரலாம். அந்த ஒரு நினைப்பில்தான் வாயை வாடகைக்கு விட்டிருந்தேன்.

திட்டியது யார்?

ஃபிட்டர் அருளப்பன் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். ஹெல்மெட் இல்லாமல் பாய்லர் சாரத்தில் ஏறிவிட்டார். என் நிபுணர் யோனாஸ் கீழே நின்று கத்தினார். நான் பாதியைக் குறைத்துத்தான் தமிழில் சொன்னேன். மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் அருளப்பன் நின்றுகொண்டே வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அவரு சொன்னது எனுக்குப் புரியல. புரியற மாதிரி திட்டினது நீங்கதான்."

முன்பெல்லாம்

யோனாஸை எல்லோரும் ரஷ்யக்காரர் என்றே நினைத்தோம். ஆனால் தனியாக இருக்கும்போது அவர் முணுமுணுத்தது எனக்குத் தெரியாத மொழி. கேட்டால், லிதுவேனிய மொழி, தன் தாய்மொழி என்றார். லிதுவேனியா அப்போது சோவியத் யூனியனுக்குள் இருந்தது. டீ நேரத்தில் ஒரு வினைச்சொல்லும் சொல்லிக் கொடுத்தார்: டிர்ப்டி, வேலை செய்தல். நான் என்றால் டிர்பு, நீ என்றால் டிர்பி; அவன், அவள், அவர்கள் எல்லோருக்கும் ஒரே டிர்பா. வேலை என்று பொருள்படும் டார்பஸும் இதே வேரில் பிறந்ததாம். நிலத்தைப் பண்படுத்துவதற்கும் இதையே சொல்வார்களாம்.

பக்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாள் காசி. இப்போது சுரங்கமாகிவிட்ட வயல்களில் நடவும் அறுப்புமாகப் பிழைத்தவர். "நானும் அதாங்க செஞ்சிகினு இருந்தேன். இப்ப நெலமே இல்ல. அத அவரு பாஷைல எப்பிடிங்க சொல்றது?" என்றார். கேட்டேன். யோனாஸ் யோசிக்கக்கூட இல்லை. "டிர்ப்டவாவ்." முன்பெல்லாம் செய்து வந்தேன் என்பதற்கு அந்த மொழியில் தனியாக ஒரு காலமே இருக்கிறதாம். நான் விளக்கியதும் காசி யோனாஸைக் கைகாட்டிச் சொன்னார்.

"தனியா வச்சிகினு இருக்காங்கன்னா, அவுங்க ஊர்லயும் நெலம் போயிருக்கும்ங்க."

என் சிபாரிசு

வேலை முடிந்து யோனாஸ் ஊருக்குக் கிளம்பினார். விடைபெறப் போனவர், என்னை பர்மனன்ட் ஆக்கச் சொல்லி அதிகாரி ஒருவரிடம் அவராகவே கேட்டார். ரஷ்ய மொழியில். அதை எடுத்துச் சொல்ல என்னை விட்டால் அங்கே யார்? "இவர் திறமைசாலி, நம்பிக்கையானவர், இவரை விட்டுவிடாதீர்கள்" என்று என் வாயாலேயே சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் சுருக்கமாகச் சொன்னது என் ஆங்கிலத்தில் நீண்டும்விட்டது. அதிகாரி சிரித்தார். காரியம் பலித்துவிட்டதென்று நினைத்து யோனாஸும் சிரித்தார். அதிகாரி என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்:

"அவர் சொன்னது ஒரு வரி. மீதியெல்லாம் உங்க சொந்தச் சரக்கா, சார்?"

யோனாஸ் போனதோடு என் காண்ட்ராக்டும் முடிந்தது. வேலை போன சேதியை மாமனாரிடம் சொன்னதுதான் துபாஷியாக நான் செய்த கடைசி வேலை. அதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.