சணல் தாடி பீஷ்மர்

திண்டிவனத்தில் மல்லாட்டை எனும் நிலக்கடலை மண்டியில் மூட்டை தூக்கும் பூமாலைக்குத் துண்டு என்பது அலங்காரம் அல்ல. சுருட்டித் தலையில் வைத்தால் சும்மாடு. உதறினால் வேர்வை துடைக்க. மத்தியானம் விரித்தால் படுக்கை. மண்டியில் இருக்கும்வரை அது அவர் தோளில் கிடக்கும். எல்லாரும் குடிக்கும் கண்ணாடித் தம்ளரில் டீ குடிக்கும்போதும் தோளில்தான் கிடக்கும். சாயங்காலம் ஒலக்கூர் தாண்டி, தன் ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அது இடுப்புக்கு இறங்கிவிடும். ஊர்த்தெருவைக் கடந்து காலனிக்குள் நுழைந்த பிறகே மறுபடி தோளுக்கு ஏறும். யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஒட்டாததால் அதைக் கிழிக்கவும் வழியில்லை.

அந்தத் துண்டை வருஷத்தில் ஒரு நாள் பறித்துக்கொள்ள அந்த ஊரில் ஒரு விளையாட்டு இருந்தது. திரௌபதி அம்மன் திருவிழாவில் நடக்கும் மாடுபிடி சண்டை. பாண்டவர்கள் ஒளிந்து வாழ்ந்த விராட தேசத்துக்குக் கௌரவர்கள் வந்து மாடுகளை ஓட்டிப் போவார்கள். அர்ச்சுனன் போய் மீட்பான். இந்தக் கதையை ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிஜ மாடுகளை வைத்து ஆடும். ஊர்த்தெரு பாண்டவர் கட்சி. காலனி கௌரவர் கட்சி. ஒரு வருஷமாவது மாற்றி ஆடிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஆட்டம் தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயில் நடக்கும். காலனி ஆட்கள் மாடுகளை வளைத்துப் பனந்தோப்புப் பக்கம் ஓட்டுவார்கள். அர்ச்சுனன் மாட்டு வண்டியில் ஏறி வந்து, முனையில் பூக்கட்டிய அம்பை விடுவான். "மோகனாஸ்திரம்!" என்று கூட்டம் கத்தும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கௌரவர் கட்சி மொத்தமும் மயங்கித் தரையில் விழ வேண்டும். மயங்கிக் கிடப்பவர்களின் மேல் துணியை விராட ராஜன் மகன் உருவிப் போனதாகக் கதை. அதனால் ஊர்த்தெருப் பையன்கள் ஓடிவந்து ஆளாளுக்குத் துண்டை உருவுவார்கள். துண்டுகள் கோயில் முன்னால் வேப்ப மரத்தில் தொங்கும். மறுநாள் காலையில் காலனி ஆட்கள் படிக்குக் கீழே நின்று, "தோத்துட்டோம், துணி குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போக வேண்டும். ஊர் சிரிக்கும். தர்மகர்த்தா அரங்கநாதன் மைக்கைப் பிடித்து, "ரெண்டு தெருவும் சேர்ந்து ஆடற இந்த மாதிரி ஒத்துமை சுத்துப்பட்டுல எங்க இருக்குது?" என்று கேட்பார். எதிரே நிற்பவர்களின் வெற்றுத் தோள் அவர் கண்ணுக்குப் பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த ஆட்டத்தைப் பூமாலை அளவுக்கு நேசித்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை. அவர்தான் துரியோதனன். சீழ்க்கை ஒன்றிலேயே மந்தையைத் திருப்பிவிடுவார். மிரண்ட கிடாரிக்கு முன்னால் போய் நின்று, கையை விரித்து, அதனோடு பேசியே வழிக்குக் கொண்டுவருவார். ஊர்த்தெருப் பெண்கள்கூட ஏரிக்கரையில் நின்று, "துரியோதனன் ஓட்டறதப் பாருங்கடி" என்று ரசிப்பார்கள். விழுவதும் அவருக்குக் கலையாக இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, மார்பைப் பிடித்து, மரம் சாய்வது போலச் சாய்வார். விளையாட்டில் ஒருவன் தோற்கத்தான் வேண்டும் என்று தன்னையே சமாதானம் செய்து வைத்திருந்தார்.

1983இல் அந்தச் சமாதானம் போயிற்று.

அந்த வருஷம் அரங்கநாதனின் மகன் தேவநாதன் முதன்முறையாக அர்ச்சுனன் வேஷம் கட்டினான். விழுந்து கிடந்த பூமாலையின் துண்டைத் தானே உருவினான். சேறு படிந்த காலை அதில் துடைத்தான். பிறகு அதைத் தன் நாயின் கழுத்தில் கட்டிவிட்டான். மறுநாள் எல்லாருக்கும் துண்டு கிடைத்தது, பூமாலைக்குக் கிடைக்கவில்லை.

"சின்ன ஆண்டே, என்னுது?"

"உன்னுது அதோ போவுது பாரு. நாய்கிட்ட கேளு. தோத்துட்டேன்னு சொல்லு, குடுக்கும்."

நாய் தெருவில் ஓடியது. பூமாலை பின்னால் ஓடினார். தெருவே வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. ஒருவழியாகப் பிடித்து முடிச்சை அவிழ்த்தார். நிமிர்ந்து அரங்கநாதனைப் பார்த்தார்.

"இன்னாடா முறைக்கிற?" என்றார் அரங்கநாதன். "வெளையாட்டுதான?"

அந்த ஒரு வார்த்தை வருஷம் முழுக்கப் பூமாலையை விடவில்லை. மூட்டையைத் தலையில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதை மென்றார். துண்டை மனைவி செண்பகம் சோடா உப்புப் போட்டு வெளுத்துக் கொடுத்தாள். அதை வாங்கி மூலையில் எறிந்தவர், மண்டி வாசலில் சிவப்பில் புதுத் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷத் திருவிழாவில் பாரதம் படிக்க முகையூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். மத்தியானம்தோறும் கோயிலில் உட்கார்ந்து கதை சொல்வார். ஒலிபெருக்கிக் குழாயில் ஒன்றைக் காலனியைப் பார்த்துப் பனை மரத்தில் கட்டியிருந்தார்கள். கோயிலுக்கு உள்ளே வராமல் கதை கேட்டுக்கொள்ள அது வசதி. மாடுபிடி சண்டைக்கு முந்தின நாள் அந்தக் குழாய் வழியாக ஒரு செய்தி வந்தது. மோகனாஸ்திரத்தில் எல்லாரும் மயங்கினார்கள். பீஷ்மர் மட்டும் மயங்கவில்லை. அவருக்கு அதன் மாற்று தெரியும். அவர் பக்கம் மட்டும் போகாதே, அவர் துணியைத் தொடாதே என்று அர்ச்சுனனே விராட ராஜன் மகனை எச்சரித்து அனுப்பினான்.

வருஷா வருஷம் படிக்கிற கதைதான். ஊரில் எல்லார் காதிலும் விழுந்ததுதான். அன்றைக்குப் பூமாலைக்கு மட்டும் அது வேறு விதமாக விழுந்தது.

சாயங்காலம் செண்பகம் வந்து பார்த்தபோது, கிழிந்த சாக்கிலிருந்து சணலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க?"

"தாடி."

"யாருக்கு?"

"பீஷ்மருக்கு."

"நீ துரியோதனன்தான?"

"இந்த வருசம் பிரமோசன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு வரவில்லை. "அடிப்பானுங்க."

"அடிக்கட்டும். உழ மாட்டேன்."

உள்ளே போனாள். பிறகு தன் சீப்பைக் கொண்டுவந்து சணலைச் சீவத் தொடங்கினாள். "கட்டறதா இருந்தா ஒழுங்கா கட்டிக்கினு போ. பாதியில அவுந்து தொங்குச்சின்னா அதுக்கு வேற சிரிப்பானுங்க."

மறுநாள் ஏரி உள்வாயில் சணல் தாடியோடு வந்து நின்றவரைப் பார்த்து முதலில் எல்லாரும் சிரித்தார்கள். செண்பகத்தின் தம்பி கிருஷ்ணசாமிதான், "இன்னா மாமா இது, துரியோதனன் யாரு?" என்று பதறினான்.

"நீதான்."

"எனக்கு ஓட்ட வராது மாமா!"

"நான் ஓட்டறேன். நீ உழு, போதும்."

மாடுகளை எப்போதும் போல அழகாக ஓட்டினார். வண்டியில் தேவநாதன் வந்தான். அம்பு பறந்தது. "மோகனாஸ்திரம்!" என்று கரை முழுக்கக் கத்தியது. காலனி ஆட்கள் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். நடுவில் ஒரே ஓர் ஆள் நின்றிருந்தார். தாடி காற்றில் ஆடியது. சிவப்புத் துண்டு தோளில் கிடந்தது.

"மோகனாஸ்திரம்டா!" என்று தேவநாதன் மறுபடி கத்தினான். காது கேட்கவில்லை என்று நினைத்தான் போலிருக்கிறது.

"கேட்டுச்சி. நான் பீஷ்மரு. எனக்கு அது ஆவாது."

"யாருடா உன்ன பீஷ்மரா போட்டது?"

"பீஷ்மரு எந்தக் கட்சி? எங்க கட்சிதான? எங்க கட்சியில யாரு யாருன்னு நாங்க பாத்துக்கறோம்."

கீழே கண்ணை மூடிக் கிடந்த கிருஷ்ணசாமி, மயக்கம் கலையாமலே, "மாமா, உழுந்துடு மாமா" என்று முனகினான். பக்கத்தில் மயங்கிக் கிடந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்கள். தேவநாதனுக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. வண்டியிலிருந்து குதித்து வந்து துண்டைப் பிடித்து இழுத்தான். பூமாலை மறு நுனியை விடவில்லை. தேவநாதன் வில்லைத் திருப்பி அவர் தோளில் அடித்தான். மூங்கில் வில், சரியான அடி. பூமாலை திருப்பி அடிக்கவும் இல்லை, விழவும் இல்லை. துண்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

அரங்கநாதன் மூச்சு வாங்க ஓடிவந்தார். கூடவே பாரதம் படிப்பவரையும் கூட்டிவந்திருந்தார். "சொல்லுங்க ஐயா, இவன் உழணுமா வேணாமா?"

பாரதம் படிப்பவருக்குத் திருவிழா முழுக்க அரங்கநாதன் வீட்டில்தான் சாப்பாடு. அவர் சங்கடப்பட்டது முகத்தில் தெரிந்தது. "பீஷ்மர்னா மயங்க மாட்டார்ங்க. நேத்துதான மைக்குல சொன்னேன். இன்னைக்கு மாத்திச் சொன்னா அம்மன் கேக்க மாட்டாளா?"

"கதையில ஆயிரம் இருக்கும். இது ஊரு!"

"ஊரு வேற, வெளையாட்டு வேறயா?" பூமாலையின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "போன வருசம் என் துண்ட நாய் கழுத்துல கட்டினப்ப இன்னா சொன்னீங்க? வெளையாட்டுதானன்னு சொன்னீங்க. நானும் இப்ப வெளையாட்டுதான் ஆடறேன். கதையில இருக்கறத ஆடறேன். உங்களுக்கு இன்னாத்துக்குக் கோவம் வருது? சொல்லுங்க. இது வெளையாட்டு இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க!"

அரங்கநாதன் சொல்லவில்லை. சொல்ல முடியாது. சொன்னால் அத்தனை வருஷ ஒற்றுமையும் அந்த ஒரு வார்த்தையில் அம்பலமாகிவிடும்.

இதற்குள் மாடுகள் சலித்துப்போய்த் தோப்பைத் தாண்டி யாருடைய கேப்பைக் கொல்லையிலோ இறங்கிவிட்டன. எல்லாரும் அங்கே ஓடினார்கள். விழுந்து கிடந்தவர்களின் துண்டுகளை மட்டும் பையன்கள் மறக்காமல் உருவிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் கிருஷ்ணசாமியும் மற்றவர்களும் வழக்கம் போலப் படிக்குக் கீழே போய் நின்றார்கள். "தோத்துட்டோம், துணி குடுங்க."

"உங்க பீஷ்மரு வந்து கேக்கட்டும்" என்றார் அரங்கநாதன். "அவன் வந்து தோத்துட்டேன்னு சொன்னாத்தான் ஒருத்தனுக்காவது துண்டு. இல்லன்னா அம்மன் மரத்துலயே தொங்கட்டும்."

கிருஷ்ணசாமி கோபத்தோடு வந்து சேர்ந்தான். அவன் கோபம் ஊர்த்தெரு மேல் அல்ல. "உன்னால எல்லாருக்கும் பேஜாரு மாமா! நீ மண்டிக்குப் போயிடுவ. நாங்க நாளைக்கு அவங்க கொல்லையிலதான மல்லாட்டை புடுங்கப் போவணும்? ஒரு வார்த்தை. வாயில வர்ற ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்தா இன்னா கொறைஞ்சிடுவ?"

வில்லடி பட்ட தோள் வீங்கியிருந்தது. அடியைவிட இந்தப் பேச்சுதான் பூமாலைக்கு வலித்தது. காலனி ஆட்கள் வாசலில் கூடி நின்றார்கள். போ என்று பாதிப் பேர், போகாதே என்று பாதிப் பேர். கௌரவர் கட்சிக்குள்ளேயே இரண்டு கட்சியாகிவிட்டது.

"போறேன்" என்றார் பூமாலை.

எழுந்து சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். ஊர்த்தெரு முனைக்கு வந்ததும் பின்னால் வந்தவர்கள் அவர் கையையே பார்த்தார்கள். கை தோளுக்குப் போகவில்லை. துண்டு இறங்கவில்லை. அப்படியே தெரு நடுவில் நடந்து வேப்ப மரத்தடிக்குப் போனார். படிமேல் அரங்கநாதன், பக்கத்தில் தேவநாதன், காலடியில் அந்த நாய்.

"கேளுடா" என்றான் தேவநாதன்.

"தோத்தவன்தான் கேக்கணும். நான் தோக்கல. அதனால கேக்க வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போறதுக்கு வந்தேன்." காலனி ஆட்கள் பக்கம் திரும்பினார். "நேத்து அடிபட்டது நானு. சிரிச்சது நீங்க. படுத்துக்கினே சிரிச்சீங்க பாரு, அந்தச் சிரிப்புக்குத்தான் இவங்களுக்கு இத்தினி கோவம். துண்டு வேணும்னா கேளுங்க, நான் தடுக்கல. என் வாயில மட்டும் அந்த வார்த்தை வராது."

திரும்பி அதே தெரு வழியாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். கிருஷ்ணசாமி மரத்தைப் பார்த்தான், அரங்கநாதனைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்காமலே திரும்பி நடந்தான். மற்றவர்களும் முணுமுணுத்தபடி பின்னால் போனார்கள். பூமாலையை அவர்கள் மன்னித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அந்த அறுவடைக்கு அவர்களில் சிலரை ஊர்த்தெரு வேலைக்குக் கூப்பிடவில்லை. அதற்கும் பூமாலையைத்தான் திட்டினார்கள். ஆனால் துண்டு கேட்டு யாரும் போகவில்லை. அம்மன் மரத்தில் ஏறிய துணியை அவிழ்க்க ஊர்த்தெருவுக்கும் பயம். வெயிலில் வெளுத்து, மழையில் நைந்து, துண்டுகள் அங்கேயே தொங்கின.

1985இல் கொடியேறியதும் கௌரவர் கட்சிக்கு ஆள் இல்லை என்பது தெரிந்தது. ஊர்த்தெருவுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிப் பார்க்கலாம் என்றார்கள். மேலத்தெருக்காரர்கள் விழ மாட்டோம் என்றார்கள். கீழத்தெருக்காரர்கள், "நாங்க மட்டும் இன்னா இளிச்சவாயனுங்களா?" என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் அரங்கநாதன் கிருஷ்ணசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க மாமன வரச் சொல்லு. பழையபடி துரியோதனனா நிக்கட்டும். துண்ட யாரும் தொட மாட்டாங்க. நான் பொறுப்பு."

பூமாலை மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது கிருஷ்ணசாமி வந்து சொன்னான். அவர் சும்மாட்டைப் பிரித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆட்டம் எனக்குப் புடிக்கும்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் கூப்புடறாரு. போய்ச் சொல்லு. ஒரு வருசம் அவர் பையன் கௌரவர் கட்சியில வந்து உழட்டும். பக்கத்துல நானும் உழறேன். அன்னைக்கு ஒத்துக்கறேன், வெளையாட்டுதான்னு."

கிருஷ்ணசாமி அதை ஒரு சொல் மாற்றாமல் போய்ச் சொன்னான். தேவநாதன் விழச் சம்மதிக்கவில்லை. அந்த ஊரில் மாடுபிடி சண்டை அதோடு நின்றுபோனது.