தண்ணீர்க் குழாயைப் பூட்டியவள்

வெள்ளாங்குளத்தில் ஜெனிற்றா செய்யாத கூலிவேலை இல்லை. கச்சான் கடலை பிடுங்கினாள், வெங்காயத்துக்குக் களை எடுத்தாள், வீதி போட்டபோது கல் சுமந்தாள். மலைநாட்டுக் கலவரத்துக்குத் தப்பி வந்த தாய் தகப்பன் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கிய ஊர் அது. பிறகு சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியது. அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவளுக்கு முழங்கால் வலி தொடங்கியிருந்தது. கணவன் தங்கையா பெரியமடுப் பக்கம் வயல்வேலைக்குப் போனால் அறுவடை முடியும்வரை அங்கேயே தங்கிவிடுவார். அதனால் ஊருக்கு வெளியே புதிதாக வந்த ஆராய்ச்சிப் பண்ணையில் நிரந்தரமாக ஆள் தேவை என்றதும் அவள் யோசிக்காமல் போய்ச் சேர்ந்தாள். அங்கே என்ன வளர்க்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

லொறியில் ஒட்டகங்கள் இரண்டும் தீக்கோழிகள் நாலும் வந்து இறங்கின. மன்னார்த் தீவில் நிற்கிற பெருக்கமரங்களை ஒட்டகத்துக்குத் தீனியாக அரபிக்காரர் கொண்டுவந்து நட்டார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த சனம், ஒட்டகத்தை அன்றைக்குத்தான் கண்டது. சில கிழமை வேலியடியில் கூட்டம் நின்றது. பிறகு அதுவும் அலுத்துப்போனது.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்தவள் லக்சிகா. உயிலங்குளத்துப் பிள்ளை, விலங்கியல் படித்து மேல்பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர அறையிலேயே படுத்து எழும்பினாள். கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுத்திருக்கும். சாணம் அள்ளுகிற நேரம் ஜெனிற்றாவுக்கு அவள்தான் விளக்கினாள்: விஞ்ஞானத்தில் ஒட்டகத்துக்குக் கமேலுஸ் என்று பெயர், தீக்கோழியின் விஞ்ஞானப் பெயர் இரண்டு சொல், அதிலும் பின்சொல் கமேலுஸ்தான். நீண்ட கழுத்தையும் கண்ணிமை மயிரையும் இரட்டை விரலையும் பார்த்து யாரோ பழைய ஆட்கள் வைத்த பெயர். பெயர் ஒன்றானபடியால் தாகத்தைத் தாங்குகிற விதமும் ஒன்றோ என்று பார்ப்பதுதான் இந்த ஆராய்ச்சி. ஜெனிற்றா குனிந்து கால்களைப் பார்த்தாள். உண்மையாகவே இரண்டுக்கும் இரண்டு விரல்தான்.

கோடை முற்றியதும் சோதனை தொடங்கியது. காய்ந்த தீனி மட்டும் போடவேண்டும். தண்ணீர் இல்லை. நாள்தோறும் நிறுக்கவேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் எடை குறைந்தால் மிருக வைத்தியர் சோதனையை நிறுத்தச் சொல்லுவார். தொட்டியைக் காயவிட்டுக் குழாயைப் பூட்டுவது ஜெனிற்றாவின் வேலை.

ஒட்டகங்கள் படுத்திருந்து அசைபோட்டன. அவற்றுக்கு ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. தீக்கோழிகள் அப்படியில்லை. வாயைத் திறந்து இளைத்தபடி நின்றன. அதில் மெலிந்த பேடு ஒன்று பூட்டிய குழாயின் இரும்பைக் கொத்திக்கொண்டே இருந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஜெனிற்றா அந்தச் சத்தம் கேட்காத இடம் தேடினாள். பட்டியில் அப்படி ஓர் இடம் இருக்கவில்லை.

லக்சிகா மன்னார் ரவுணுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தான் குடிக்கக் கொண்டுவந்திருந்த கான் தண்ணீரை ஜெனிற்றா பேசினில் ஊற்றி அந்தப் பேட்டின் முன்னால் வைத்தாள். அது கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திக் குடித்தது. வெறும் கானோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நிறுத்துப் பார்த்தபோது அந்தப் பேட்டின் எடை கூடியிருந்தது. லக்சிகா தராசில் பிழை என்று நினைத்து, காவலாளி மில்ரனைக் கூப்பிட்டு அதைக் கழற்றிப் பூட்டவைத்தாள். திரும்பவும் நிறுத்தாள். நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் ஜெனிற்றாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“தராசில பிழையில்ல மிஸ். நான்தான் தண்ணி குடுத்தனான்.”

லக்சிகா ஏசவில்லை. மண்ணிலேயே குந்திவிட்டாள்.

“இனி எல்லாம் முதல்ல இருந்து செய்யவேணும் அக்கா,” என்றாள். “ஆறுக்கும் தண்ணி குடுத்து, தேறவிட்டு, திரும்ப நிப்பாட்டவேணும்.”

“அந்த ஒண்டை விட்டிட்டு மிச்சத்தைச் செய்யேலாதோ?”

“நாலு தீக்கோழியும் வேணும், எல்லாத்துக்கும் ஒரே நாளில தொடங்கவும் வேணும். ஒண்டு குறைஞ்சாலும் கணக்கை நம்பமாட்டினம்.”

தான் ஊற்றிய ஒரு கான் தண்ணீர் ஆறு சீவன்களுக்கும் இன்னொரு தாகமாக மாறிவிட்டது என்பது ஜெனிற்றாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்குத் தண்ணீர்ப் பவுசர் வந்து தொட்டி நிறைந்தது. ஒட்டகங்கள் தலையைத் தூக்காமல் குடித்தன. அவளுக்குப் பார்க்கச் சந்தோசமாக இல்லை.

இரண்டாம் முறை தொடங்குகிற நாளில், குழாயைத் தானே பூட்டுவதாகவும் அவள் வீட்டில் நிற்கலாம் என்றும் மில்ரன் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் சாவிக்குக் கை நீட்டினாள்.

“வேண்டாம் தம்பி. நானே பூட்டுறன்.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. வீட்டில் இருந்தாலும் அந்தச் சத்தம் காதில் கேட்கும் என்று நினைத்திருக்கலாம். இந்த முறை குடிதண்ணீர்க் கானை வாசலில் மில்ரனிடமே விட்டுவிட்டு உள்ளே போனாள். பேடு இரும்பைக் கொத்தியது. அவள் கூட்டினாள், சாணம் அள்ளினாள், நிறுப்பதற்கு அதன் கழுத்தைப் பிடித்துக் கொடுத்தாள். பின்னேரம் வீட்டுக்குப் போனால் சமைக்கவும் மனமில்லாமல் பாயை விரித்துப் படுத்துவிடுவாள். கடைசியாக வைத்தியர் போதும் என்றார். ஆறும் பிழைத்தன.

மாரி தொடங்குவதற்கு முன் பண்ணைக்கு வந்த உதவிப் பணம் நின்றது. விலங்குகளைத் தெற்கே ஒரு மிருகக்காட்சிச்சாலைக்கு ஏற்றினார்கள். கண்ணை மூடினால்தான் தீக்கோழி கலவரப்படாது என்பதால் ஒவ்வொன்றின் தலையிலும் ஜெனிற்றாதான் துணி உறையை மாட்டினாள். லொறிக்கு நிழலாக ஓலை கட்டுகிற நேரம் லக்சிகா ஆய்வின் முடிவைச் சொன்னாள். ஒட்டகம் உடம்பைச் சூடேற விட்டுத் தண்ணீரைக் காக்கிறது. தீக்கோழி இளைத்து இளைத்து மூச்சில் அதை இழக்கிறது. இரண்டின் வழியும் வேறு.

“அப்ப பேர் பிழையோ மிஸ்?”

“பிழையெண்டு இல்ல அக்கா. வெளியால பாத்து வைச்ச பேர்.”

ஜெனிற்றா ஓம் என்றாள். அதைப் பற்றி யோசிக்க அவளிடம் தென்பு இருக்கவில்லை. லொறி போனதும் பட்டியைக் கடைசியாக ஒருமுறை கூட்டிவிட்டு, சாவியை மில்ரனிடம் கொடுத்தாள். அடுத்த கிழமை வெங்காயத் தோட்டத்தில் களை எடுக்க ஆள் கேட்டார்கள். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போனாள்.